மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் வண்டிகள்



மாரிகாலத்தில் நாவிதன்வெளியிலிருந்து கிட்டங்கித் தாம்போதி வழியாகக் கல்முனைக்குச் செல்வோர் ஒரு காட்சியை நன்கறிவர். வெள்ளம் வீதியின் மேலாகப் பாய்ந்துகொண்டிருக்கும். அதனூடே சென்ற மோட்டார் சைக்கிள் ஒன்று நடுவழியில் நின்றுவிடும். ஓட்டி வந்தவர் அதனைத் தள்ளிக் கரைசேர்த்து, அண்மையிலுள்ள கராஜிற் கொண்டுபோய் விடுவார். கராஜ்காரர் முதலிற் பார்ப்பது மூன்று விடயங்களை. பிளக்கில் நெருப்புப் பொறி வருகின்றதா? காபரேற்றருக்கு எண்ணெய் வருகின்றதா? காற்றுப் போகும் வழி அடைபட்டிருக்கின்றதா? இம்மூன்றும் சரியாயின் யந்திரம் ஓடியே தீரவேண்டும். நெருப்பும் எண்ணெயும் காற்றும் உரிய வேளையில், உரிய அளவிற் கூடுவதன்றி மோட்டார் யந்திரத்தில் வேறு இரகசியம் இல்லை.

அம்மூன்றனுள்ளும் எண்ணெயை அளந்து ஊட்டுதல் என்னும் ஒன்றைப் பற்றியே இன்று பேச எண்ணுகின்றேன். யான் பொறியியல் கற்றவனல்லேன். கலைப் பட்டதாரி, பாடசாலையில் வரலாறு கற்பிப்பவன். எனினும், இந்த எளிய கலை நம் நாட்டில் ஒரு காலத்தில் பல்லாயிரம் மக்களின் நடமாட்டத்தைத் தாங்கி நின்றதைக் கண்ணாரக் கண்டவன். கண்டதைச் சொல்லுதல் வரலாற்றாசிரியனுக்குக் கடன் அன்றோ?

முதலில் அளவு என்பது யாதென அறிவோம். ஒரு பங்கு பெற்றோல் முழுமையாக எரிவதற்கு, நிறையளவில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். எண்ணெய் மிகுந்தால் கரும்புகை எழும், பிளக்கிற் கரி படியும், பணமும் வீணாகும். எண்ணெய் குறைந்தால் யந்திரம் அளவுக்கு மீறிச் சூடேறும், இழுவை குன்றும், சுமையேற்றி ஓட்டினால் உள்ளுறுப்புகளே பழுதுறும். பாடநூல்கள் முசலம் என்றும் பட்டறைகள் பிஸ்டன் என்றும் வழங்குகின்ற உறுப்பு உருகித் துளைபடுவதும் உண்டு. ஏறுமுகமான வீதியிற் சற்று அதிகமாகவும், சமநிலத்திற் சிக்கனமாகவும், குளிர்ந்த காலையில் இன்னும் அதிகமாகவும் எண்ணெயை ஊட்டவேண்டும். பச்சிளங் குழந்தைக்குப் பாலூட்டும் தாய்க்கு வேண்டிய கவனம் இதற்கும் வேண்டும் என்றால் அது மிகையாகாது.

இவ்வளவை அறிவதற்கு மனிதன் பட்ட பாடு கொஞ்சமன்று. ஜேர்மனி நாட்டிற் கார்ல் பென்ஸ் என்பார் தமது மோட்டார் வண்டிக்கு 1886ஆம் ஆண்டில் உரிமைப்பத்திரம் பெற்றார். ஆனால் அவ்வண்டியை நம்பித் தூரப் பயணம் செய்ய எவரும் முன்வரவில்லை. 1888ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் அவருடைய மனைவியார் பேர்தா அம்மையார், கணவருக்கு அறிவியாமலே, தம் இரு புதல்வரையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைம் நகரிலிருந்து சுமார் 100 கிலோமீற்றர் தொலைவிலுள்ள போர்ட்ஸ்ஹைம் நகருக்கு அவ்வண்டியிற் புறப்பட்டார். எண்ணெய் நிலையங்கள் இல்லாத காலம் அது. வழியில் எண்ணெய் தீர்ந்தபோது, வீஸ்லொக் என்னும் ஊரிலிருந்த மருந்துக்கடையிற் கறைபோக்க விற்ற லிக்றொயின் என்னும் திரவத்தை வாங்கி ஊற்றினார். எண்ணெய்க் குழாய் அடைபட்டபோது, தம் தொப்பியிற் செருகியிருந்த நீண்ட ஊசியை எடுத்து அடைப்பை நீக்கினார். உலகின் முதலாவது நெடுந்தூர மோட்டார்ப் பயணத்தைக் காத்தவை ஒரு மருந்துக்கடையும் ஒரு தொப்பியூசியும் ஆகும். இவ்வூசியை நேயர்கள் மனத்திற் கொள்ள வேண்டுகின்றேன். நம் நாட்டு வரலாற்றிலும் இதனையொத்த கருவிகள் வரும்.

பென்ஸின் முதல் வண்டியிற் காற்று எண்ணெயின் மேற்பரப்பைத் தடவிச் சென்று ஆவியை ஏந்திக்கொள்ளும். இம்முறையில் அளவு நிலைத்திராது. 1893ஆம் ஆண்டளவில் ஜேர்மனியரான வில்ஹெல்ம் மேபாக், நுண்ணிய துவாரத்தினூடே எண்ணெயைக் காற்றோட்டத்திற் பூந்துளியாகச் சிதறச் செய்யும் காபரேற்றரை உருவாக்கினார். அதே ஆண்டில் ஹங்கேரி நாட்டில் டொனாட் பங்கி, யானோஷ் சோன்கா என்னும் இருவரும் அத்தகைய கருவிக்கே உரிமைப்பத்திரம் கோரினர். ஜெற் என்று நம் பட்டறைகளில் வழங்கும் அந்நுண்துவாரமே அதன் பின் முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாக உலகத்து மோட்டார் வண்டிகளுக்கெல்லாம் உணவளந்த நாழியாயிற்று.

பெற்றோலுக்கு வகுத்த இவ்வழியில் மண்ணெண்ணெயை விட்டால் என்ன நிகழும்? மண்ணெண்ணெய் விலை குறைந்தது, எளிதிற் கிடைப்பது. ஆதலின் இக்கேள்வி உழவர்களுக்கும் மீனவர்களுக்கும் பழங்காலந்தொட்டு உண்டு. பெற்றோல் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும். மண்ணெண்ணெயோ 150 பாகை சதமளவுக்கு மேற்பட்ட வெப்பத்திலேதான் கொதிக்கத் தொடங்கும். குளிர்ந்த யந்திரத்தில் அது ஆவியாகாது. துளியாகவே உட்புகுந்து நனைத்துவிடும். மேலும், அது அமுக்கத்தைத் தாங்காது; உரிய வேளைக்கு முன்னரே தானாக வெடித்து, யந்திரத்தினுட் சுத்தியலால் அடிப்பது போன்ற ஓசையை எழுப்பும்.

இக்குறைகளுக்கு இங்கிலாந்தின் உழவு யந்திரங்களிற் பரிகாரம் கண்டனர். பெர்குசன் நிறுவனத்தார் தமது புகழ்பெற்ற சாம்பல்நிற உழவு யந்திரத்தில், 1949ஆம் ஆண்டு முதல், மண்ணெண்ணெய் இனத்தைச் சேர்ந்த மலிவான எண்ணெயில் ஓடும் வகையொன்றை விற்றனர். அதில் இரண்டு எண்ணெய்த் தாங்கிகள் இருந்தன. சிறியதிற் பெற்றோல், பெரியதில் மற்றையது. பெற்றோலில் யந்திரத்தை இயக்கி, நன்கு சூடேறிய பின் குழாயைத் திருப்பி மற்ற எண்ணெய்க்கு மாற்றுவர். வேலை முடித்து நிறுத்துவதற்குச் சற்று முன் மீண்டும் பெற்றோலுக்கு மாற்றுவர். இல்லையேல் மறுநாட் காலையில் யந்திரம் இயங்காது. உள்வரும் கலவையைப் புகைபோக்கிக் குழாயின் வெப்பத்தாற் சூடாக்கினர்; யந்திரத்தின் அமுக்கத்தையும் குறைத்து அமைத்தனர்.

இவையெல்லாம் நமக்கு அந்நியமான செய்திகள் அல்ல. கல்முனைக் கரையிலிருந்து கடலுக்குச் செல்லும் படகுகளின் வெளியிணைப்பு யந்திரங்கள் பலவும் இம்முறையிலேயே இயங்குகின்றன. சிறிது பெற்றோலில் உயிர்பெற்று, மண்ணெண்ணெயில் ஓடுவனவே அவை. வயலுக்கு நீரிறைக்கும் சிறு யந்திரங்களிலும் இவ்வகை உண்டு. பெற்றோலை வைத்துத் தொடக்கி, மண்ணெண்ணெயால் நடத்துதல் என்னும் அறிவு நம் கரையோரத்திலும் வயலோரத்திலும் வழக்கில் இருந்ததே. அவ்வறிவு வீதிக்கு வந்த கதையே இனி யான் கூறப்போவது.

1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நம் நாட்டின் வடக்கிலும் கிழக்கிலும் யுத்தம் மீண்டும் மூண்டது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் மீது பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டது. மின்சாரம் நின்றது. பெற்றோலும் டீசலும் மின்கலங்களும் பசளையும் தடைசெய்யப்பட்ட பொருட்களாயின. மண்ணெண்ணெயும் மட்டுப்படுத்தப்பட்ட அளவிலேயே கிடைத்தது, விலையோ பன்மடங்காயிற்று. வீடுகளில் ஜாம் போத்தலினுள் ஒரு துளி எண்ணெயைப் பஞ்சில் ஊறவிட்டு, நூல்போன்ற திரியில் ஏற்றிய விளக்கே இரவு முழுவதற்கும் ஒளி தந்தது. சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, சில்லைக் கையாற் சுழற்றி, டைனமோவிற் பிறக்கும் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டனர் மக்கள். இப்பேச்சைக் கேட்போருள் அவ்வாறு சில்லுச் சுற்றியவர்களும் இருத்தல் கூடும்.

யான் அக்காலத்தில் யாழ்ப்பாணத்திற் கலைப்பீட மாணவன். நாவிதன்வெளியிலிருந்து அங்கு செல்வதற்குப் பல நாட்கள் வேண்டியிருந்தன. ஆனையிறவுப் பாதை அடைபட்டிருந்தமையால், வவுனியாவைக் கடந்து வன்னி வழியே சென்று, கிளாலிக் கடனீரேரியை இரவிற் படகேறிக் கடக்கவேண்டும். அக்கரை சேர்ந்து காலையில் வீதிக்கு வந்தபோது, யான் முதலில் உணர்ந்தது ஒரு மணமாகும். குசினியில் அடுப்பு அணைந்தாற் கமழும் மண்ணெண்ணெய்ப் புகையின் மணம் வீதியெங்கும் நிறைந்திருந்தது. அப்புகையின் நடுவே மொறிஸ் மைனர் கார்களும் ஒஸ்டின் கார்களும் மெல்ல மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தன. பெற்றோலுக்கென வகுத்த அவ்வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின!

ஒருநாள், நோயாளி ஒருவரை வைத்தியசாலைக்கு ஏற்றிச் செல்லவிருந்த காரொன்றை ஒரு கராஜ் வாசலில் நின்று பார்த்தேன். காரின் முன்மூடி திறந்திருந்தது. சிறிய போத்தல் ஒன்றிற் கைப்பிடியளவு பெற்றோல். அதிலிருந்து மெல்லிய குழாயொன்று காபரேற்றருக்குச் சென்றது. மருந்தை அளப்பதுபோல அப்பெற்றோலில் சில துளிகளை விட்டு யந்திரத்தை எழுப்பினார் மெக்கானிக். சில நிமிடம் காதைச் சாய்த்து அதன் ஓசையைக் கேட்டார். பின்பு குழாயைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றினார். யந்திரம் இருமியது, புகைத்தது, பின் சமநிலைப்பட்டது. "தம்பி, இதுக்கு முதல்ல சூடு வேணும், பிறகுதான் சாப்பாடு" என்றார். பெர்குசன் உழவு யந்திரத்தின் கையேட்டில் எழுதப்பட்டிருந்த நெறி அதுவே. அவர் அக்கையேட்டைக் கண்டவரல்லர்.

இதனைச் செய்து முடிக்கப் பல நுட்பங்கள் வேண்டியிருந்தன. மொறிஸ் மைனர் காரில் எஸ்.யூ. வகைக் காபரேற்றர் உண்டு. அதன் அடியிலுள்ள மரையாணியைத் திருப்பினால் ஜெற் மேலேறும் அல்லது கீழிறங்கும். கீழிறக்கினால் எண்ணெய் மிகும். மண்ணெண்ணெய்க்கு ஏற்ற அளவை அம்மரையாணியின் திருகல்களால் அறியவேண்டும். பொறி விழும் நேரத்தைச் சற்றுப் பிந்தச் செய்தால், முன்கூட்டியே வெடிக்கும் குறை தணியும். சிலிண்டர்த் தலையின் கீழ் இரட்டை அடைதகடு இட்டால் அமுக்கம் குறையும். ஒவ்வொரு கராஜும் இவற்றுள் தன் கைக்கெட்டியதைச் செய்தது. அமுக்கம் குறைந்த பழைய வண்டிகளே இதற்குப் பெரிதும் இசைந்தன. புதியவை முரண்டு பிடித்தன. நாகரிகம் பழையதென ஒதுக்கிய காரே இடர்ப்பட்ட காலத்தில் ஊருக்கு உதவிற்று.

இவ்வழியை யான் புகழ மட்டும் வந்தேனல்லேன். அதற்குரிய விலையும் கொடுக்கப்பட்டது. முழுமையாக எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டரின் சுவர் வழியே கீழிறங்கி, அடியிலுள்ள மசகெண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும். அதனால் யந்திரம் விரைவிற் தேயும்; மாற்றுறுப்போ தடையினால் வாராது. பிளக்குகளை நாள்தோறும் கழற்றிக் கரி சுரண்டவேண்டியிருந்தது. கொதிக்கும் யந்திரத்தினருகே பெற்றோற் போத்தலைக் கட்டித் தொங்கவிடுதல் எத்தகைய அபாயம் என்பதை யாரும் சொல்லவேண்டியதில்லை. வீதியிற் செல்வோர் அப்புகையையே சுவாசித்தனர். இன்னுமொரு வேதனை உண்டு. கார் குடித்த மண்ணெண்ணெய் எங்கோ ஒரு வீட்டின் விளக்கிற்கும் அடுப்பிற்கும் உரியது. மாணவனின் விளக்கா, நோயாளியின் வண்டியா என்னும் தேர்வை ஒரு சமூகத்தின் மேற் சுமத்திய காலம் அது. அதனைச் சாதனையென்று மாத்திரம் எழுதினால் வரலாறு பொய்யாகிவிடும்.

1995ஆம் ஆண்டின் இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்தனர். அவர்களிற் பலர் வன்னிக்குச் செல்ல, இவ்வித்தையும் அவர்களுடன் சென்றது. 2002ஆம் ஆண்டு பெப்ரவரியில் யுத்தநிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி, அவ்வாண்டிலேயே ஏ-9 வீதி திறக்கப்பட்டபோது, பெற்றோல் மீண்டும் தாராளமாக வந்தது. சிறு போத்தல்கள் எறியப்பட்டன. மரையாணிகள் பழைய இடத்துக்குத் திருப்பப்பட்டன. மண்ணெண்ணெய் மணமும் வீதியை விட்டு நீங்கியது. மக்கள் துன்பத்தை மறக்க விரும்புவது இயல்பே. ஆயின் துன்பத்தோடு சேர்ந்து அறிவும் மறக்கப்பட்டது.

பின்னர் 2022ஆம் ஆண்டில் நாடு முழுவதுமே எரிபொருளின்றித் தவித்தது. நிரப்பு நிலையங்களின் முன் நாட்கணக்கில் வரிசைகள் நின்றன. அவ்வாண்டு ஜூலை மாதத்திற் கியூஆர் குறியீட்டு முறையிற் பங்கீடு தொடங்கிற்று. ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் விலை லீற்றருக்கு 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக உயர்ந்தது. கல்முனைக் கரையிற் படகுகள் மணலில் உறங்கின. அப்பொழுது எம் பாடசாலை மாணவன் ஒருவன் என்னிடம், "சேர், பெற்றோல் இல்லாட்டி வேற எதிலயும் ஓட்ட ஏலாதா?" என்று வினவினான். முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு குடாநாடே விடைகண்ட கேள்வி அது! அவ்விடையை எடுத்துக் காட்ட எம் நூலகத்தில் ஒரு பக்கந்தானும் இல்லை. யான் கண்டதை வாய்மொழியாகக் கூறினேன்; அவன் கதைகேட்பது போற் கேட்டான்.

இக்காலத்து இளைஞர்களுக்கு இவையெல்லாம் பழங்கதையாகத் தோன்றலாம். அவர்கள் பேசுவது டேர்போ யந்திரங்களைப் பற்றி. நன்று, அதனையும் பார்ப்போம். வெளியேறும் புகையின் விசையாற் சிறு சக்கரமொன்றைச் சுழற்றி, அதனால் மேலதிகக் காற்றை யந்திரத்தினுள் அமுக்கிச் செலுத்துவதே டேர்போ. சுவிற்சர்லாந்து நாட்டு அல்பிரெட் பியூகி என்பார் 1905ஆம் ஆண்டிலேயே இதற்கு உரிமைப்பத்திரம் பெற்றார். 1962ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபில் ஜெற்பயர், செவ்ரலே கோர்வெயர் மொன்சா என்னும் கார்களில் இது விற்பனைக்கு வந்தது. காற்று மிகுந்தால் எண்ணெயும் மிகவேண்டும். அமுக்கம் கூடினால் முன்கூட்டி வெடிக்கும் குறையும் கூடும். ஆதலின் ஜெற்பயர் காரில் நீரும் மெதனோலும் கலந்த திரவமொன்றைச் சிறிது சிறிதாக ஊட்டினர். வண்டி உரிமையாளர் பலர் அத்திரவத்தை ஊற்ற மறந்தனர். அதனால் அக்காருக்கு நற்பெயர் நிலைக்கவில்லை.

பின்னர் மின்னணு மூளை வந்தது. ஜேர்மனியின் பொஷ் நிறுவனத்தார் 1967ஆம் ஆண்டில் மின்னணு முறையில் எண்ணெயைப் பீச்சும் கருவியை வொக்ஸ்வாகன் கார்களிற் பொருத்தினர். 1976ஆம் ஆண்டில் வொல்வோ கார்களில், வெளியேறும் புகையிலுள்ள ஒட்சிசனை அளந்து எண்ணெயின் அளவைத் திருத்தும் உணரியும் சேர்ந்தது. இன்று யந்திரத்தின் வலுவைக் கூட்ட விரும்பும் இளைஞன், மடிக்கணினியை வண்டியோடு இணைத்து, எவ்வேகத்தில் எவ்வளவு எண்ணெய் என்பதை அட்டவணையில் எழுதுகின்றான். அவனும் அஞ்சவேண்டியது அதே சுத்தியல் ஓசைக்குத்தான். டேர்போவின் அமுக்கத்தைக் கூட்டிவிட்டு எண்ணெயைக் கூட்டாமல் விட்டால், அவனுடைய பிஸ்டனும் உருகும். யாழ்ப்பாணத்து மெக்கானிக் செவியாற் கேட்டதை இன்று உணரி கேட்கின்றது. அவர் மரையாணியில் எழுதியதை இவன் கணினியில் எழுதுகின்றான். கேள்வி ஒன்றே: இவ்வளவு காற்றுக்கு எவ்வளவு எண்ணெய்?

இதனைக் கேட்டு, இன்றே தம் வண்டியில் மண்ணெண்ணெயை ஊற்றிப் பார்க்க எவரும் முனையவேண்டாம். இக்காலத்து யந்திரங்கள் அமுக்கம் மிக்கவை. அவற்றின் நுண்ணிய பீச்சுவாய்களும் உணரிகளும் அதனைப் பொறா. இலாபங் கருதி எரிபொருளில் மண்ணெண்ணெயைக் கலந்து விற்போர் செய்வதும், அன்று அம்மெக்கானிக்குகள் செய்ததும் ஒன்றாகா. பின்னது, இன்னது ஊற்றுகின்றேன், இன்ன தீங்கு வரும் என்று உரியவருக்கு அறிவித்துச் செய்த பணி. முன்னது அறியாதவர் யந்திரத்தை அழிக்கும் களவு.

நம் பாடசாலைகளில் விஞ்ஞான ஆசிரியர் தகனத்தின் சமன்பாட்டைக் கரும்பலகையில் எழுதுகின்றார். வரலாற்றாசிரியனாகிய யான் மன்னர்களின் ஆட்சியாண்டுகளை எழுதுகின்றேன். இரண்டுக்கும் நடுவே, கையில் எண்ணெய்க் கறையோடு, அச்சமன்பாட்டை வாழ்ந்து காட்டிய மனிதர்களின் வரலாறு எழுதப்படாமற் கிடக்கின்றது. பேர்தா அம்மையாரின் தொப்பியூசியை உலகம் நூற்றாண்டு கடந்தும் நினைவிற் கொண்டிருக்கின்றது. எழுதி வைத்தார்கள், ஆதலால் நினைக்கின்றார்கள். கிளாலிக்கு அப்பால் அந்தச் சிறு போத்தலைக் கட்டியவர்களின் பெயரை எவர் எழுதினார்? அன்று முப்பது வயதினராய் இருந்தவர்கள் இன்று அறுபதைக் கடந்துவிட்டனர். அவர்களின் செவிப்புலன் மங்குமுன், அச்செவி அறிந்ததை நாம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

இவ்வாண்டு எம் பாடசாலையின் உயர்தர வகுப்பு மாணவர் சிலரிடம் ஒரு பணியை ஒப்படைத்திருக்கின்றேன். சவளக்கடையிலும் மத்திய முகாமிலும் கல்முனையிலும் உள்ள பழைய கராஜ்களுக்கும் படகுத்துறைக்கும் சென்று, முதியவர்களிடம் நான்கே கேள்விகளைக் கேட்டு எழுதிவர வேண்டும். என்ன இல்லாதபோது, எதனைக் கொண்டு, எவ்வாறு ஓட்டினீர்கள்; அதனால் என்ன கெட்டது? இறுதிக் கேள்வியை மறவாமற் கேட்குமாறு சொல்லியிருக்கின்றேன். முதல் ஏடு வந்து சேர்ந்துவிட்டது. அதன் ஓரத்தில் ஒரு எண்ணெய்க் கறை படிந்திருக்கின்றது. அதனை அழிக்கவேண்டாம் என்று மாணவனுக்குக் கூறிவிட்டேன்.